வெண்துரு

நெகிரி செம்பிலான் மண்ணுக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு, இம்மண்ணில் ரப்பர் வேரூன்றுவதற்கு முந்தியது. இன்று சிரம்பான் என வழங்கும் நகரும் அதன் சுற்றுப்புறமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் என்னும் பெயரால் அறியப்பட்டிருந்தன. ஈயலம்பங்கள் என்று நம்மவர் வழங்கிய வெள்ளீயச் சுரங்கங்களே அப்பகுதிக்குச் செல்வத்தையும் சண்டையையும் ஒருங்கே கொண்டுவந்தன. வெள்ளீயம் தனித்து நின்று பெயர் பெற்ற உலோகம் அன்று. செம்போடு கூடினால் வெண்கலமாகிறது. இரும்புத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்தால் அதைத் துருவினின்று காக்கிறது. தோட்டத்து வீடுகளில் பால்மாவும் பிஸ்கட்டும் அடைத்து வந்த தகர டப்பாக்கள் எல்லாம் அந்தக் காவலின் சான்றுகளே. துணையாக நிற்பதையே தொழிலாகக் கொண்ட உலோகம் அது.

நான் இங்கு எழுதப் புகுவது, அதற்கு நேர்மாறான இயல்புடைய மற்றோர் உலோகத்தைப் பற்றி. நல்ல துணை இல்லாவிடின் தானும் நிலைக்காத உலோகம் அது. அதன் பெயர் மக்னீசியம்.

மக்னீசியம் என்றதும் அது ஏதோ ஆய்வுக்கூடத்துப் பொருள் என்று மாணவர்கள் நினைத்துவிடுதல் கூடும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அஃது அண்டை வீட்டுப் பொருள். பால்மரத்தின் இலையும் செம்பனையின் ஓலையும் பச்சையாக இருப்பதற்குக் காரணமான பச்சையத்தின் நடுவே வீற்றிருப்பது ஒரு மக்னீசிய அணுதான். பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் 1915-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். மண்ணில் இச்சத்துக் குறைந்தால் செம்பனையின் அடி ஓலைகள் ஆரஞ்சு நிறமாக மாறும். அந்நோயைத் தீர்ப்பதற்காகக் கீசரைட் என்னும் மக்னீசிய உரத்தை மூட்டை மூட்டையாக இறக்கி, எங்கள் தாய்மார்கள் வாளியில் அள்ளி மரத்தடியில் தூவினார்கள். கையில் தூவியது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

என் தந்தையார் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தார். ஸ்டோர் என்பது எங்கள் வழக்கில் கடையன்று. பால் சேர்த்துப் பதப்படுத்தும் ஆலை. ரப்பர்ப் பாலிலும் மக்னீசியம் கரைந்திருக்கிறது. பாலை ஷீட்டாக உறைய வைக்காமல், அமோனியா கலந்து செறிவாக்கி ஏற்றுமதி செய்யும்போது, இந்த மக்னீசியம் பாலின் நிலைப்பைக் கெடுத்துவிடும். ஆகவே டைஅம்மோனியம் பாஸ்பேட் என்னும் உப்பைச் சேர்த்து, அதை வெண்ணிற வண்டலாகத் தொட்டியின் அடியில் படிய வைத்துப் பிரித்து விடுவார்கள். அந்த வண்டலைச் சுரண்டி அகற்றுவது என் தந்தையாரின் வேலைகளுள் ஒன்று.

அவர் வேலை பார்த்த இடத்தில் கண்டிப்பான விதியொன்று இருந்தது. செம்பாலோ பித்தளையாலோ ஆன எதுவும் பாலின் அருகே வரக்கூடாது. குழாயின் திருகுகூடப் பித்தளையாக இருத்தல் ஆகாது. செம்பும் மாங்கனீசும் ரப்பருக்கு நஞ்சு. அவை ரப்பரைக் காற்றிலுள்ள உயிர்வளியோடு விரைந்து வினைபுரியச் செய்து, பிசுபிசுத்து உளுத்துப் போகச் செய்துவிடும். செறிவாக்கிய பாலுக்கான பன்னாட்டுத் தரம், அதன் திடப்பொருளில் ஒரு கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் செம்போ மாங்கனீசோ இருக்கலாகாது என்று வரையறுத்திருக்கிறது. எட்டு மில்லிகிராம் என்பது சில மணல் துகள்களின் எடைக்கு மேற்படாது. இத்துணைச் சிறிய அளவு அத்துணைப் பெரிய கேட்டை விளைக்கும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார் நன்கு அறிந்திருந்தார். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மாங்கனீசு பின்னர் வேறொரு வேடத்தில் இக்கட்டுரைக்குள் திரும்பி வரும்.

1986-ஆம் ஆண்டு. முதிர்ந்த பால்மரங்களை வீழ்த்திவிட்டுச் செம்பனை நடும் வேலை, போர்ட்டிக்சன் சாலையை ஒட்டிய தோட்டங்களில் பரவலாக நடந்துகொண்டிருந்த காலம். என் சிற்றப்பா ஒரு குத்தகைக்காரரிடம் மரம் அறுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எண்ணெயில் ஓடும் சங்கிலி வாள், ஊர் வழக்கில் 'செயின்சோ', அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு கையால் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு அது எடை குறைந்திருந்தது. அவருக்கு அதில் பெருமிதம். மாலையில் வீடு திரும்பியதும் முதலில் அதைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

ஆனால் காலையில் அந்த வாள்கள் எல்லாம் லாரியில் ஏறிச் செல்லும் இடம் உர மூட்டைகளின் மேல். செம்பனைக்குப் போடும் பொட்டாசு உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, உப்பின் உடன்பிறப்பு. மூட்டையிலிருந்து சிந்திய தூள், மழை ஈரம், கடற்காற்று ஆகிய மூன்றும் அந்த எந்திரங்களின்மேல் நாள்தோறும் படிந்தன. சில மாதங்களில், வண்ணப்பூச்சுத் தேய்ந்த இடங்களில் எந்திரத்தின் உடல் வெண்தூளாக உதிரத் தொடங்கியது. எஃகு ஆணிகள் இறுகியிருந்த துளைகளைச் சுற்றியே குழி மிக ஆழமாக விழுந்தது. ஒருநாள் வேலை நடுவில் ஆணி பிடுங்கிக்கொண்டு உடல் விரிசல் கண்டது.

"ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் கையில மெஷினைக் கொடுத்தா இப்படித்தான்" என்று குத்தகைக்காரர் தீர்ப்புச் சொன்னார். எந்திரத்தின் விலையைத் தவணை தவணையாகக் கூலியிலிருந்து பிடித்தார். அவ்வாண்டுத் தீபாவளிக்கு அவர் பிள்ளைகளுக்குப் புதுத்துணி வரவில்லை.

சிற்றப்பா அந்த வெண்தூளைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொண்டுவந்தார். "இரும்புன்னா செவப்பாத்தானே துருப்பிடிக்கும், தம்பி? இது வெள்ளையா உதிருதே. இதுக்குப் பேரு என்னான்னு உன் பொஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டார். நான் அப்போது நான்காம் படிவத்தில் இருந்தேன். மலாய்மொழிப் பாடநூலில் 'காராட்' என்ற சொல் இருந்தது. அஃது இரும்பின் சிவந்த துருவைப் பற்றியது. தமிழில் எனக்குத் தெரிந்த சொல்லும் துரு என்பது ஒன்றே. வெள்ளைத் துருவுக்கு எங்கள் இருவரிடமும் சொல் இல்லை. சொல் இல்லாத காரணத்தால் வாதமும் இல்லை. வாதம் இல்லாத காரணத்தால் வழக்கும் இல்லாமற் போயிற்று.

பின்னாளில் ஆசிரியப் பயிற்சி பெற்று, வேதியியல் நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தத் தூளின் கதை எனக்கு ஒவ்வொன்றாக விளங்கிற்று. அதை இங்கே இயன்ற அளவு எளிமையாகச் சொல்கிறேன்.

மக்னீசியத்தை முதன்முதலில் பிரித்தறிந்தவர் ஆங்கில அறிஞர் ஹம்பிரி டேவி, ஆண்டு 1808. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏறத்தாழ 7.9 கிராம் எடையுள்ளது; அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியமோ 1.74 கிராம்தான். கட்டமைப்புக்குப் பயன்படும் உலோகங்களுள் இதுவே மிக இலேசானது. கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறக்குறைய 1.3 கிராம் மக்னீசியம் கரைந்துள்ளது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடல்நீரிலிருந்தே இதைப் பெரும் அளவில் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். இலேசானது, எளிதில் வார்க்கக் கூடியது, எங்கும் கிடைப்பது. இத்தனை சிறப்பிருந்தும் இரும்பைப் போலவோ அலுமினியத்தைப் போலவோ இஃது எங்கும் பரவாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதுவே அரிமானம்.

துரு என்பது இரும்புக்கே உரிய சொல். எந்த உலோகமும் தன்னைச் சூழ்ந்த காற்றோடும் நீரோடும் உப்போடும் வினைபுரிந்து தேய்ந்து அழிவதைப் பொதுவாக அரிமானம் என்கிறோம். அலுமினியமும் காற்றோடு வினைபுரிகிறது. ஆயினும் அவ்வாறு உண்டாகும் ஆக்சைடு, உலோகத்தின்மேல் இடைவெளியின்றிப் போர்வையாகப் படிந்து, மேலும் அரிக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. மக்னீசியத்தின் ஆக்சைடு, தான் பிறந்த உலோகத்தைவிடக் குறைந்த இடத்தையே நிரப்புகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு போல இது முழுமையாக மூடுவதில்லை. குட்டையான போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரிவது போன்ற நிலை இது. உலர்ந்த காற்றில் அந்தப் போர்வையே போதும். ஈரம் பட்டால் அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு என்னும் வெண்பொருளாக மாறுகிறது. உப்பிலுள்ள குளோரைடு வந்துவிட்டால் அந்த மென்படலமும் உடைந்து, உலோகம் வெறுமையாக நிற்கும். சிற்றப்பா காகிதத்தில் மடித்து வைத்த தூள் பெரும்பாலும் இந்த வெண்பொருளே.

இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், அங்கே சிறிய மின்கலம் ஒன்று பிறந்துவிடும். அதில் எளிதில் மின்னணுக்களை இழக்கும் உலோகம் கரையும், மற்றது காப்பாற்றப்படும். மக்னீசியம் இவ்வகையில் மிகவும் கொடைக்குணம் வாய்ந்தது. கப்பல், நிலத்தடிக் குழாய், வெந்நீர்த் தொட்டி ஆகியவற்றின் இரும்பைக் காக்கும்பொருட்டு மக்னீசியக் கட்டிகளை வேண்டுமென்றே இணைத்து வைப்பதுண்டு. இரும்பு பிழைக்க, மக்னீசியம் கரையும். ஆனால் எந்திரத்தின் உடலே மக்னீசியமாகவும் அதை இறுக்கும் ஆணி எஃகாகவும் இருந்து, இடையே உப்பீரமும் புகுந்துவிட்டால் என்னாகும்? ஆணி பளபளவென்று நிற்க, அதைச் சுற்றிய உடல் தூளாகும். சிற்றப்பாவின் வாளில் குழி ஆணித்துளையைச் சுற்றி ஆழமாக விழுந்ததன் காரணம் இதுவே. கையின் கவனக்குறைவு குழியைத் துளையோரமாகப் பார்த்துத் தோண்டாது.

அயல் உலோகம் வெளியே ஆணியாக இருந்தாற்கூடக் கண்ணுக்குத் தெரியும். அது உலோகத்தின் உள்ளேயே மாசாகக் கலந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு 1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டோ நிறுவனத்தைச் சேர்ந்த ஹனவால்ட், நெல்சன், பெலூபே ஆகிய மூவர் விடை கண்டார்கள். மக்னீசியத்தில் இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவை ஓர் எல்லைக்குட்பட்ட அளவில் இருக்கும்வரை அரிமானம் மெதுவாகவே நடக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியவுடன் பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. தூய மக்னீசியத்தில் அந்த எல்லை, இரும்புக்குப் பத்து லட்சத்தில் சுமார் 170 பங்கு. நிக்கலுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 5 பங்கு.

பத்து லட்சத்தில் ஐந்து என்பதை மாணவர்களுக்கு நான் இப்படி விளக்குவது வழக்கம். ஐம்பது கிலோ உர மூட்டைகள் இருபதை அடுக்கினால் ஒரு டன். அத்தனை எடையுள்ள மக்னீசியத்தில், ஒரு தேக்கரண்டி உப்பின் எடை அளவுக்கு நிக்கல் புகுந்திருந்தால் போதும், எல்லை நெருங்கிவிட்டது. அந்தச் சிறுதுகள் ஒவ்வொன்றும் உலோகத்தின் உள்ளே அமர்ந்திருக்கும் எஃகு ஆணிக்கு ஒப்பாகும். ஈரம் வந்ததும் தன்னைச் சுற்றியுள்ள மக்னீசியத்தைக் கரைக்கத் தொடங்கும். திருவள்ளுவர் சிற்றினம் சேராமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். உலோகவியலாரோ அதற்கு எடையும் அளவும் கண்டார்கள் எனலாம்.

இனி நல்லினத்தைப் பார்ப்போம். மக்னீசியத்தைத் தூய்மைப்படுத்துவதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. தூய மக்னீசியம் எந்திரத்துக்கு வேண்டிய வலிமை அற்றது. ஆகவே அதனோடு வேறு தனிமங்களைச் சேர்த்துக் கலப்புலோகமாக்குகிறார்கள். வார்ப்பு வேலையில் மிகுதியாகப் பயன்படும் கலவை ஏ.இசட். 91 என்பது. இதில் அலுமினியம் நூற்றுக்கு ஒன்பது பங்கு, துத்தநாகம் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, மாங்கனீசு மிகச் சிறிதளவு. எஞ்சிய தொண்ணூறு பங்கும் மக்னீசியமே.

அலுமினியம் இரண்டு வகையில் உதவுகிறது. மக்னீசியத்தில் கரைந்து நிற்கும் பகுதி, மேற்புறப் படலத்தை உறுதியாக்குகிறது. மிஞ்சிய பகுதி மக்னீசியத்தோடு கூடி, உலோகத்தின் மணிகளுக்கு இடையே வேறொரு கடினச் சேர்மமாகத் திரள்கிறது. இந்தச் சேர்மம் இருபுறமும் கூரான கத்தி. வயலைச் சுற்றிய வரப்பைப் போல மணிகளைச் சுற்றித் தொடர்ச்சியாகப் படிந்தால், அரிமானம் ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் தடுக்கும். அங்கங்கே சிதறிக் கிடந்தாலோ, அதுவே அயல் உலோகம் போல நின்று அரிமானத்தை விரைவுபடுத்தும். சேர்க்கும் பொருள் ஒன்றே. அது எவ்வாறு பரவி அமைகிறது என்பதைப் பொறுத்துக் காவலனும் ஆகிறது, கள்வனும் ஆகிறது. துத்தநாகம் வலிமையைக் கூட்டுவதோடு, மாசுகளைத் தாங்கும் எல்லையையும் சற்று உயர்த்துகிறது.

இங்கேதான் மாங்கனீசு திரும்பி வருகிறது. மக்னீசியத்தை உருக்குவது இரும்புக் கொப்பரையில். ஆகவே எவ்வளவு காத்தாலும் சிறிது இரும்பு உருகிய உலோகத்தில் புகுந்துவிடும். மாங்கனீசைச் சேர்த்தால், அஃது அலுமினியத்தோடு கூடி அந்த இரும்பைத் தன்பால் பிணைத்துக்கொள்கிறது. பிணைத்ததில் ஒரு பகுதியோடு கொப்பரையின் அடியில் வண்டலாகப் படிகிறது. எஞ்சியதின் கொடுமையையும் தணிக்கிறது. ஏ.இசட். 91 கலவையில் இரும்பின் அளவு மாங்கனீசின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கைத் தாண்டலாகாது என்பது கண்டறிந்த விதி. என் தந்தையாரின் தொட்டியில் ரப்பருக்கு நஞ்சாக விலக்கப்பட்ட அதே மாங்கனீசு, உருக்குக் கொப்பரையில் மக்னீசியத்துக்கு மருந்தாகிறது. தனிமத்தின் மேல் நன்மை என்றும் தீமை என்றும் முத்திரை குத்தியிருக்கவில்லை. அது யாரோடு சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்பதே அதன் பண்பாகிறது.

இந்த அறிவு ஒருநாளில் தொழிலுக்கு வந்துவிடவில்லை. வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் வண்டு வடிவக் காரில் ஏறத்தாழ 20 கிலோ மக்னீசியக் கலப்புலோகம் இருந்தது. தோட்டங்களுக்கு வரும் டாக்டர்களும் பெரிய கிராணிமாரும் அந்தக் காரில் வந்ததை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். காற்றால் குளிர்விக்கப்பட்ட எந்திரம் ஆகையால் குளிர்நீர் அரிக்கும் தொல்லை அதற்கு இல்லை. மாசுகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய ஏ.இசட். 91டி என்னும் உயர்தூய்மைக் கலவை 1980-களில்தான் பரவியது. அதில் இரும்பு பத்து லட்சத்தில் 50 பங்குக்கும், நிக்கல் 20 பங்குக்கும் மேற்படலாகாது. உப்புநீரைத் தூவிச் செய்த சோதனைகளில், வழக்கமான அலுமினிய வார்ப்புக் கலவைகள் சிலவற்றைவிடவும் இது நன்கு தாங்கியது. ஆயினும் எத்துணைச் சிறந்த கலவையாயினும் எஃகு ஆணியோடு நேராகத் தொட்டு உப்பீரத்தில் நின்றால் அரிபடவே செய்யும். அதற்குப் பரிகாரம் வேறு: ஆணிக்கும் உடலுக்கும் இடையே தகுந்த அலுமினியக் கலவையால் செய்த ஒரு வாஷரை வைப்பது, வண்ணப்பூச்சைப் பழுதின்றி வைத்திருப்பது, உப்பு படியாமல் காப்பது. சில காசுகள் பெறும் ஒரு வளையமும், உர மூட்டைகளினின்று விலக்கி வைக்க ஒரு தார்பாயும் இருந்திருந்தால், ஒரு தொழிலாளியின் தீபாவளி பறிபோயிராது.

ஆய்வு இன்றும் நிற்கவில்லை. இட்ரியம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களைச் சேர்த்த மக்னீசியக் கலவைகள் வானூர்திப் பல்சக்கரப் பெட்டிகளுக்குப் பயன்படுகின்றன. 2015-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மக்னீசியத்தோடு லித்தியம் மிகுதியாகச் சேர்த்த ஒரு கலவையை வெளியிட்டார்கள். அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, தன்மேல் லித்தியம் கார்பனேட் படலத்தைத் தானே போர்த்திக்கொள்கிறது. இன்னொரு புறம், அரிமானத்தையே நன்மையாகக் கொண்டவர்களும் உண்டு. எலும்பு முறிவைப் பொருத்தும் மக்னீசியத் திருகாணிகள் 2013-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றன. எலும்பு கூடிய பின் அவை உடலுக்குள் மெல்லக் கரைந்துவிடும். திருகாணியை எடுப்பதற்கு மறுபடியும் அறுவை வேண்டியதில்லை. அங்கும் கலவைதான் காலத்தை நிர்ணயிக்கிறது: எலும்பு கூடுவதற்கு முன் கரைந்துவிடாத அளவுக்கு அரிமானத்தை அது தாமதப்படுத்தியாக வேண்டும்.

இத்துறையில் தமிழ் மண்ணுக்குப் பங்கில்லையோ என்று எண்ண வேண்டா. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜவஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோக அரிமானமும் மக்னீசியம் பிரித்தெடுக்கும் முறையும் அதன் ஆய்வுகளுள் அடங்கும். கடற்காற்றில் உலோகங்கள் எவ்வாறு அரிபடுகின்றன என்பதை மண்டபம் கடற்கரையில் வைத்துச் சோதித்தார்கள். அந்நிலையம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957). அவர் ஈடுபட்டிருந்த தொழில்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டமும் ஒன்று. நம் முன்னோர் பால்வெட்டிய மரங்களின் வருவாயில் ஒரு துளியேனும் அரிமானத்தை ஆராயும் அந்தக் கூடத்தின் செங்கற்களில் கலந்திருக்கலாம் என்று எண்ணுவது எனக்கு ஆறுதல். ஆனால் அங்கு விளைந்த அறிவு, கடல் தாண்டி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, இவற்றையெல்லாம் சிற்றப்பாவிடம் விளக்கினேன். மக்னீசியம், உப்பு, ஆணி, மின்கலம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, தம் இரு கைகளையும் திருப்பிப் பார்த்தார். "அப்போ இந்தக் கை மேல தப்பில்ல" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பிடித்த கூலி திரும்பப் போவதில்லை என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். ஆயினும் பல ஆண்டுகளாக ஒரு மனிதர் சுமந்திருந்த பழி அன்று இறங்கியதை நான் கண்டேன்.

தமிழாசிரியர்களாகிய நாம் அறிவியல் சொற்களைப் பற்றி அடிக்கடி வாதிடுகிறோம். அரிப்பா, அரிமானமா? உலோகக் கலவையா, கலப்புலோகமா? இவ்வாதங்கள் வேண்டியவையே. ஆனால் சொல் அகராதியில் மட்டும் இருந்து பயனில்லை. கூலி பிடிக்கப்படும் வேளையில் நாவில் வந்து நிற்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2012 வாக்கில்தான் அக்கொள்கை படிப்படியாகக் கைவிடப்பட்டு, தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் மீண்டும் தமிழில் ஒலிக்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கிலம் கற்றது நட்டமன்று. வீட்டில் தாயிடம் கேட்கும் மொழியில் துரு என்ற சொல்லுக்குமேல் ஒரு சொல்லும் வளராமல் நின்றுவிடுமோ என்பதே என் அச்சமாக இருந்தது.

உலோகத்தைக் காட்டி மக்களுக்கு நீதி சொல்வதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. மாசு என்றும் கலப்பு என்றும் உலோகத்துக்குச் சொல்லும் சொற்களை மனிதர்மேல் ஏற்றிவிட்டால் தீங்கு விளையும். பல இனங்கள் கூடி வாழும் நாட்டில் அந்தத் தீங்கை நாம் அறிவோம். உலோகத்துக்கு விருப்பமில்லை, மனச்சான்றும் இல்லை. ஆகவே மக்னீசியத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பாடம்தான். ஒரு பொருள் அழிந்தால், அதை வைத்திருந்தவனின் கையை முதலில் பார்க்கக் கூடாது. அது எதனால் ஆனது, எதனோடு சேர்ந்திருந்தது, எதன் நடுவே வைக்கப்பட்டிருந்தது என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இப்பாடத்தைக் கற்பிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. சிறிய மக்னீசிய நாடாத் துண்டுகள் இரண்டு, ஓர் இரும்பாணி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர். ஒன்றில் நாடாவைத் தனியே இடுக; மற்றொன்றில் ஆணியைச் சுற்றி இடுக. சிறிது நேரத்திலேயே ஆணியின்மேல் குமிழிகள் எழுவதை மாணவர்கள் காண்பார்கள். மறுநாள் எந்த நாடா மிகுதியாகக் கரைந்தது என்பதை அவர்களே சொல்வார்கள். அப்போது கரும்பலகையில் அரிமானம் என்று எழுதுங்கள். அதன் கீழே வெண்துரு என்றும் எழுதுங்கள். அகராதியில் அச்சொல் இல்லையென்று யாரேனும் சொன்னால், இனிமேல் இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.